கடல்பக்கப் பெட்டி

“இடப்பக்கப் பெட்டி கதைக்குதில்ல. நீ கொண்டு வாற சாமான் எல்லாத்திலயும் ஒரு பக்கம் செத்துத்தான் கிடக்குது.”

சொன்னவர் என் வீட்டுக்காரர், சந்தியாகு. ஆறு வருஷத்தில் ஒன்பது பழைய ஸ்பீக்கர் செட்டு வாங்கினோம். ஒன்பது தரமும் இதே வாக்கியம், ஒரு சொல் கூடாமல் குறையாமல். நானும் சளைத்தவளில்லை. பெட்டி நன்றாகத்தான் கதைக்கிறது, உங்களுக்குக் குறை கண்டுபிடிக்காமல் சோறு இறங்காது என்று ஒன்பது தரமும் இதே பதிலைச் சொன்னேன்.

பழைய ஸ்பீக்கர் வாங்கி விற்பது என்றால், பிறத்தியாருக்கு அலுத்துப்போன சத்தத்தை நம் வீட்டுக்கு அழைத்து வந்து, நமக்கும் அலுத்த பிறகு இன்னொருவர் தலையில் கட்டுவது. இந்தத் தொழிலுக்கு நான் விண்ணப்பம் போட்டு வரவில்லை. கடலுக்குப் போய் வந்த மனிதர், பின்னேரம் குளித்துச் சாறனை மாற்றிக்கொண்டு, ஒரு மணித்தியாலம் கதிரையில் சாய்ந்து, இரண்டு பக்கமும் சத்தம் வர நாலு பாட்டுக் கேட்க வேண்டும் என்றார். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவர் தனக்கென்று வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான். புதுசு வாங்க வசதியில்லை, பழசு வாங்கினேன். பிடிக்கவில்லை என்றார், விற்றேன். விற்ற கையோடு இன்னொன்று. இப்படியே போய், கற்பிட்டியிலிருந்து மதுரங்குளி வரைக்கும் நான் ‘செட்டு அக்கா’ ஆகிவிட்டேன்.

பழைய சாமான் வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்ட அத்தனை பேருக்கும் இதை எழுதுகிறேன். நான் பிழைவிட்ட இடத்தைப் பார்த்தால் உங்கள் துக்கம் கொஞ்சம் குறையலாம்.

முகர்ந்து பார்த்தது

முதல் சோடியைச் சிலாபப் பக்கத்தில் ஒரு வீட்டில் பார்த்தேன். இத்தாலிக்குப் போன மகன் அனுப்பியது. இப்போது பேரப்பிள்ளைகள் போனிலேயே பாட்டுக் கேட்கிறார்களாம், இடத்தை அடைக்கிறதாம். சின்ன வயதில் கொன்வென்டில் ஒரு சிஸ்டர் அடிமட்டத்தால் என் விரல்களில் தட்டித் தட்டிப் பியானோ சொல்லித் தந்தார். பியானோ வரவில்லை, காது வந்தது. அந்தக் காதை நம்பித்தான் வீடு வீடாக ஏறினேன்.

பார்க்கிற முறையைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவும். முதலில் பெட்டியின் பின்புறத்து ஓட்டையில் மூக்கை வைத்துப் பூஞ்சணம் மணக்கிறதா என்று பார்ப்பேன். பிறகு முன்சீலையைக் கழற்றி, உள்ளே இருக்கும் வட்டக் கடதாசியின் விளிம்பை விரலால் தொடுவேன். விளிம்பில் இருக்கும் ஸ்பொஞ்ச் ஈரக் கேக்கைப் போல உதிர்ந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட வேண்டும். உதிரவில்லை என்றால் இரண்டு பக்கமும் சமமாக அமுக்கிப் பார்த்து, உள்ளே மணல் உரசுகிற மாதிரிச் சத்தம் வருகிறதா என்று கேட்பேன். பாட்டுப் போடும்போது, விற்கிறவர்கள் போடும் இடிமுழக்கத்தைப் போட விடமாட்டேன். பென் டிரைவில் எங்கள் கோயில் பாடகர் குழுவைப் பதிந்து வைத்திருக்கிறேன். மனிதக் குரலைக் கெடுக்கிற பெட்டி எதையும் கெடுக்கும்.

அன்றைக்கு இத்தனையும் செய்து முடித்து நிமிர்ந்தபோது, அந்த வீட்டுக்காரி சிங்களமும் தமிழுமாகக் கலந்து, சிரிக்காமல் கேட்டாள்: “மிஸ், செவுளையும் தூக்கிப் பார்க்கப் போறீங்களா?”

இலவசமாக வந்த ஈயம்

அம்ப்ளிபயரைப் பற்றி எனக்கு ஒரு கொள்கை இருந்தது: பாரமாக இருந்தால் நல்லது. இதில் உண்மை இருக்கிறது. உள்ளே இரும்புச் சுருள் பெரிதாக இருந்தால் பெட்டி கனக்கும், சத்தமும் களைக்காமல் வரும். முன்பக்கத்தில் ஆயிரம் வாட்ஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதை நம்புவதைவிட, தூக்கிப் பார்ப்பது மேல். இந்தக் கரையில் எல்லோரும் அப்படித்தான் வாங்குவார்கள். அது விற்கிறவனுக்கும் தெரியும் என்பது மட்டும் எனக்குத் தெரியாது.

மூன்றாவது செட்டோடு வந்த அம்ப்ளிபயரை இவரும் நானும் சேர்ந்துதான் த்ரீவீலிலிருந்து இறக்கினோம். எனக்குப் பெருமை. நாலாம் நாள் உள்ளே ஏதோ உருண்டது. மூடியைக் கழற்றினால், அடித்தட்டில் பசை போட்டு ஒட்டி வைத்திருக்கிறான், வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டுகள், ஐம்பதுக்கு மேல். விற்றவனுக்கு போன் எடுத்து, கொன்வென்டில் படித்த பெண் சொல்லக்கூடாத இரண்டு சொல்லைச் சொன்னேன். நீங்கள்தானே அக்கா தூக்கிப் பார்த்து, பாரம் நல்லது என்றீர்கள் என்றான், அமைதியாக. இவர் குண்டுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்து, வலையில் கோத்துக்கொண்டார். கோத்து முடித்த பிறகுதான் வாய் திறந்தார்: “இதில உருப்படியா வந்தது இதுதான். இடப்பக்கப் பெட்டி இப்பவும் கதைக்குதில்ல.”

மதுரங்குளியில் சொன்ன பொய்

எங்கள் வீட்டின் இடப்பக்கச் சுவரில் ஒரு யன்னல் இருக்கிறது. திறந்தால் நேரே கடல். இடப்பக்கப் பெட்டி அந்த யன்னலோடு நின்றது. உப்புக் காற்றுக்கு இந்தக் கரையில் ஒரு கதவுப் பிணைச்சலும் ஆணியும் தப்பியதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆகையால், இவரிடம் வாயால் மறுத்தாலும், உள்ளுக்குள் நான் தீர்ப்பு எழுதிவிட்டேன்: உப்புக் காற்று கடல்பக்கப் பெட்டியைத் தின்கிறது. யன்னலை அடைத்துக் கொக்கி போட்டு, மேலே பொலித்தீனும் ஒட்டினேன். அறை அவிந்தது. இவர் பெனியனையும் கழற்றிவிட்டு உட்கார்ந்து, அப்போதும் இடப்பக்கம் இல்லை என்றார்.

மதுரங்குளியில் ரபீக் நானா என்று ஒருவர் ரேடியோ திருத்துகிறார். அவரிடம் இடப்பக்கப் பெட்டியைக் கொண்டுபோவதும், அவர் திறந்து துடைத்து மூடித் தருவதும், வீட்டுக்கு வந்ததும் அதே முறைப்பாடு வருவதுமாக இருந்தது. ஒருநாள் அவர் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, இடதை வலத்திலும் வலதை இடத்திலும் மாத்தி வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டார். அப்படி மாத்தினால், பழுது பெட்டியோடு போகிறதா, நின்ற இடத்திலேயே நிற்கிறதா என்று இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

நான் மாத்திப் பார்க்கவில்லை. இடப்பக்கப் பெட்டியின் மேல் அந்தோனியார் சுரூபம் இருந்தது. அதன் கீழ் பின்னல் சீலை, பக்கத்தில் விளக்கு, பூச்சாடி. பாதர் மந்திரித்து வைத்த இடம். திருத்தக் கொண்டுபோகிற ஒவ்வொரு தரமும் செபம் சொல்லி இறக்கி ஏற்றுவதே எனக்குப் பெரிய வேலை, சும்மா மாத்திப் பார்க்க இன்னொருதரமா. மற்றது, ஒரு திருத்துகிறவர் என்னிடம் இவ்வளவு சின்ன விஷயத்தைக் கேட்டது எனக்குப் பொறுக்கவில்லை. ஓம், மாத்தியாச்சு, அப்போதும் அந்தப் பெட்டிதான் ஊமை என்றேன். ஒரு நொடியில் சொன்ன பொய். காணாமல் போனதைத் தேடித் தருகிறவர் என்று எல்லோரும் நேர்த்தி வைக்கிற சுரூபம் அந்தப் பெட்டியின் தலையில்தான் நின்றது; நான்தான் அதற்கென்று அவரை அசைக்கவில்லை.

ரபீக் நானா பெட்டியை மறுபடியும் தன் மேசையில் பாட விட்டுக் கேட்டார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: “இங்க நல்லாத்தான் கதைக்கிது அக்கா. உங்கட வூட்டுக்குப் போனா மட்டும் கோவிச்சிக்கிது.”

கரைத்தீவு மாஸ்டர்

ஐந்தாவது சோடியை வாங்க ஒரு மாஸ்டர் கரைத்தீவிலிருந்து வந்தார். வடக்கிலிருந்து வெளிக்கிட்டு வந்த குடும்பம், பென்ஷன் எடுத்தவர். நான் வழக்கமாக என் சரக்கின் குறையைச் சொல்லித்தான் விற்பேன், பாவம் சேரக்கூடாது என்று. இடப்பக்கம் கொஞ்சம் மந்தம் என்றேன். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, இவருடைய கதிரையிலேயே உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு எங்கள் கோயில் பாட்டை முதலிலிருந்து கடைசி வரை கேட்டார். ஆண்குரல் இடப்பக்கம், பெண்குரல் வலப்பக்கம், நடுவில் ஒரு ஆள் இருமுகிறார் என்றார். எனக்கும் அப்படித்தான் கேட்டது. ஆனால் நல்ல மனிதர், ஒரு பெண்பிள்ளையின் மனம் நோகக் கூடாதென்று சொல்கிறார் என்று நினைத்தேன்.

மொத்தம் எட்டுச் சோடி விற்றேன். எட்டுப் பேரில் ஒருவர்கூட ஒரு பக்கம் வேலை செய்யவில்லை என்று திருப்பிக் கொண்டுவரவில்லை. பழைய சாமான் விற்கிறவளுக்கு இதைவிடப் பெரிய அதிசயம் இல்லை. நான் அதை என் நாணயத்துக்குக் கிடைத்த பலன் என்று எடுத்துக்கொண்டேன். மாஸ்டர் பெட்டிகளை ஏற்றிவிட்டு, த்ரீவீலில் கால் வைத்தபடி திரும்பிக் கேட்டார்: “இதையா பிள்ள உங்கட மாப்பிள வேணாம் எண்டவர்?”

திருநாள் சாப்பாடு

ஒன்பதாவது செட்டு உண்மையிலேயே அருமையானது. தேக்குப் பலகைப் பெட்டி, இடுப்புயரம், உள்ளே வட்டக் கடதாசியின் விளிம்பு புதுசு போல. இனி இதற்கும் இவர் ஒன்று சொல்லட்டும், பார்க்கிறேன் என்று கொண்டுவந்து வைத்தேன். சொன்னார்.

அந்த வருஷக் கோயில் திருநாளுக்கு என் தங்கச்சி குடும்பம் நீர்கொழும்பிலிருந்து வந்தது. சாப்பாட்டுக்குப் பாட்டுப் போட்டால், தங்கச்சியின் புருஷன் செட்டு ஒற்றைக் காலில் நிற்கிறதே அண்ணன் என்றார். போய்ப் பார்த்தேன். இடம்வலமாகச் சத்தத்தைப் பங்கு போடுகிற திருகு இடப்பக்கம் முழுதாகத் திரும்பிக் கிடந்தது. கொஞ்ச நாளாக நான் நடுவில் வைப்பதும் இவர் மறுபடி இடப்பக்கம் திருப்புவதுமாக எங்களுக்குள் ஒரு ஊமைச் சண்டை நடந்துகொண்டிருந்தது. கையில் இறைச்சிக் கறிச் சட்டி, வெயில், அடைத்த யன்னல். மேசையைச் சுற்றிப் பத்துப் பேர். நான் சொன்னேன், உங்களுக்கென்ன காது செவிடா, வந்த சனம் எல்லாருக்கும் கேட்கிறது, உங்களுக்கு மட்டும் கேட்கவில்லையா என்று.

எல்லோரும் சிரித்தார்கள். நன்றாகச் சொன்னதாக நினைத்து நானும் சிரித்தேன். இவர் எழும்பிப் போய்த் திருகை நடுவுக்குக் கொண்டுவந்தார். சரியாக நடுவில் நிற்கிறதா என்று குனிந்து பார்த்தார். பிறகு சாப்பாட்டுக் கோப்பைக்குத் திரும்பி வந்து, என்னைப் பார்க்காமல் சொன்னார்: “நீ சொன்னாச் சரி.”

எந்தக் கை

அதற்குப் பிறகு முறைப்பாடு வரவில்லை. பின்னேரங்களில் இவர் கதிரையை முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பிய்ந்த வலை பொத்தினார். செட்டு தூசி பிடித்தது. வெட்கத்தைச் சொல்கிறேன், நான் வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆறு வருஷச் சண்டையில் கடைசிச் சொல் எனக்கு. இரண்டு மாசம் பார்த்துவிட்டு, ஒருவரும் கேட்காத செட்டு எதற்கு என்று ரபீக் நானாவை வந்து எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன்.

அவர் வந்தார். எடுக்கிறதற்கு முன் சரி பார்ப்பது அவருடைய தொழில் வழக்கம். என்னிடம் கேட்காமலே அந்தோனியாரை இரண்டு கையாலும் பக்குவமாகத் தூக்கி மேசையில் வைத்தார். எங்கள் சுரூபத்தை அந்த மனிதர் எடுத்த மரியாதையோடு நான்கூட எடுத்ததில்லை. பெட்டிகளை இடம் மாத்தி வைத்தார். பாட்டைப் போட்டு, முற்றத்தில் இருந்தவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, எது குறைவு என்று கேட்டார். இவர் என்னை ஒருதரம் பார்த்தார். நான் கதவு நிலையில் சாய்ந்து நின்றேன். மெல்லக் கையைத் தூக்கி இடப்பக்கத்தைக் காட்டினார். இவ்வளவு நாளும் வலப்பக்கம் நின்ற பெட்டி அது.

ரபீக் நானா பெட்டியைப் பார்க்கவில்லை. பாட்டை நிறுத்தினார். இவருக்கு இடப்பக்கமாக வந்து நின்று, சின்னக் குரலில் ஏதோ சொன்னார். எனக்குக் கதவடியில் கேட்டது. பெயரைத்தான் சொல்லிக் கூப்பிட்டார். இவர் திரும்பவில்லை. பிறகு வலப்பக்கம் சுற்றி வந்து, முன்னால் குந்திக்கொண்டு கேட்டார்: “அண்ணன், போட்டில எந்தக் கையால என்ஜின் பிடிக்கிறீங்க?”

டொக்டரிடம் சொன்னது

இடது கையால். முப்பத்தொரு வருஷம், போட்டின் பின்கோடியில் வலப்பக்கமாக உட்கார்ந்து, இடது கையால் பிடியைப் பிடித்து, இடது காதுக்கு ஒரு முழம் பின்னால் அந்த என்ஜின். புத்தளத்தில் காது பார்க்கிற டொக்டர், இடது காதில் ஏறக்குறைய ஒன்றும் மிச்சமில்லை, வலதும் தேயத் தொடங்கிவிட்டது என்றார். மெஷின் வைக்கலாம், இடப்பக்கத்துக்கு அது பெரிதாக உதவாது, வலதைத்தான் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்றார். முன்னமே வந்திருந்தால் இவ்வளவு போயிராது என்பதையும் சொன்னார், கோபமில்லாமல்.

கொன்வென்டில் எங்களுக்கு ‘தெரியாது’ என்ற சொல் பழக்கமில்லை. கேள்வி கேட்டால் கை தூக்க வேண்டும். அன்றைக்கு டொக்டர், ஒரு பக்கம் கேட்கவில்லை என்று தெரிந்தும் ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை என்று கேட்டபோது, நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர்தான் பதில் சொன்னார். என்னைக் குற்றம் சாட்டுகிற குரல் இல்லை, நடந்ததைச் சொல்கிற குரல்: “நான் வீட்டில சொன்னேன் டொக்டர். அவங்க பெட்டியை மாத்தினாங்க.”

பொய்க்கு மன்னிப்பு

அடுத்த கிழமை மதுரங்குளிக்குப் போனேன். விற்க ஒன்றுமில்லை, திருத்தவும் ஒன்றுமில்லை. கடையில் வேறு ஆட்கள் போகும்வரை நின்று, அன்றைக்கு நான் பெட்டியை மாத்திப் பார்க்கவில்லை, மாத்தினேன் என்று பொய் சொன்னேன் நானா என்றேன். பாதரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டியில்கூட இவ்வளவு வியர்த்ததில்லை. அவர் ஈயம் உருக்குகிற கம்பியை அணைத்துவிட்டு எனக்குத் தேத்தண்ணி சொன்னார். தேத்தண்ணி வந்து, ஆறி, நான் குடித்து முடித்த பிறகு சொன்னார்: “தெரியும் அக்கா. மாத்தியிருந்தா அடுத்த நாள் இங்க வந்திருக்க மாட்டீங்க, புத்தளத்துக்குப் போயிருப்பீங்க.”

ஒற்றைப் பெட்டி

தேக்குச் செட்டை விற்கவில்லை. ரபீக் நானா இரண்டு பக்கத்துச் சத்தமும் ஒரே பெட்டிக்கு வருகிற மாதிரிச் செய்து தந்தார். அந்தப் பெட்டி கதிரைக்கு வலப்பக்கம், கையெட்டும் தூரத்தில் நிற்கிறது. மற்றது அந்தோனியாரைத் தாங்கிக்கொண்டு பழைய இடத்தில், வயர் இல்லாமல். இப்போது உண்மையாகவே அது கதைப்பதில்லை. இவர் ஒரு வார்த்தை முறைப்பாடு சொல்வதில்லை.

இந்த ஆறு வருஷமும் இவருடைய கதிரை எப்போதும் கொஞ்சம் சரிந்து, வலது தோள் முன்னுக்கு வருகிற மாதிரி நிற்கும். நான் கூட்டும்போதெல்லாம் அதை இழுத்து நேராக வைத்து, ஒழுங்கில்லாத மனிதர் என்று புறுபுறுப்பேன். இப்போது சரிந்தபடியே விட்டுக் கூட்டுகிறேன். யன்னலில் ஒட்டிய பொலித்தீனைக் கிழித்துவிட்டேன். உப்புக் காற்று வரட்டும், தின்ன என்ன இருக்கிறது.

வலப்பக்கம் பெட்டி நிற்பதால் எனக்கு மிஞ்சியது இடப்பக்கக் கதிரை. ஆறு வருஷம் குசினியிலிருந்து நான் ‘குறையுங்க, குறையுங்க’ என்று கத்திய பழக்கத்தில், இவர் இப்போது சத்தத்தைக் குறைத்து வைத்து, பெட்டியோடு தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்கிறார். எனக்குப் பாட்டுப் பாதி, கடல் பாதி.

ஒன்பது செட்டை முகர்ந்து, அமுக்கி, தூக்கிப் பார்த்து வாங்கிய நான், கேட்கப் போகிறவரை மட்டும் ஒருதரமும் சோதித்துப் பார்க்கவில்லை.

நேற்றுப் பின்னேரமும் அப்படித்தான் இருந்தோம். முதலில் மெதுவாகச் சொன்னேன். பிறகு கொஞ்சம் உரத்துச் சொன்னேன், இவர் திரும்பவில்லை. மூன்றாம் தரம் அவருடைய இடது தோளைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: “இன்னும் கொஞ்சம் கூட்டி வையுங்க, எனக்கும் கேக்கட்டும்.”